சோதித்தபோது சரியாக இருந்தது

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம். இந்த முறை அந்த வரியை எழுதிவிட்டு நானே அடித்துவிட்டேன். ஏன் என்று போகப்போக உனக்கே தெரியும். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ 'சரிப்பா, சரிப்பா, சரிப்பா' என்று மூன்று சரி போட்டவுடன் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. இது கொஞ்சம் நீளமான சங்கதி வேறு. டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு உன்னைப் பகல் வண்டியில் ஏற்றிவிட வந்தோம் அல்லவா, அப்போது பெட்டியை மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து நீ சொன்னாய்: "எமர்ஜென்சி படிப்பு வேண்டாம்ப்பா. எக்ஸ்ரே ஸ்கேன் பக்கம் போயிருதேன். அங்கன படம்தான் வரும், ஆள் வராது." நான் தலையை ஆட்டினேன். உன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.   அடுத்த வாரம் டாக்டர் மேல்படிப்புக்குக் கவுன்சிலிங். எதை எடு, எதை விடு என்று சொல்ல நான் யார்? முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே சிக்னலோடு மாரடித்தவனுக்கு வைத்தியப் படிப்பில் என்ன தெரியும்? ஆனால் நீ எடுத்த முடிவுக்கு அடியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, நான் உனக்குச் சொன்ன ஒரு பொய்யான ஆறுதல். இன்னொன்று, உனக்கு இன்னும் தெரியாத ஒரு செய்தி. இரண்டும் என்னிடம் இருக்கிறது. கொடுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு உன் பாடு.

பங்குனி வெயில் தொடங்கிய அந்தச் சாயங்காலத்திலிருந்து வருகிறேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, காலில் செருப்போடு அடுக்களை வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாய். அம்மா கொடுத்த காப்பி ஆடை படிந்து கிடந்தது. கேட்கக் கேட்கத்தான் சொன்னாய். மூன்று நாளைக்கு முன் கயத்தாற்று லாரி டிரைவர் ஒருவர் உன் டூட்டியில் வந்திருக்கிறார். தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றி வந்தவர், போகிற வழியில் வீட்டில் சாப்பிட்டுப் போகலாம் என்று வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பிசைந்த சோற்றோடு வலது கை விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேசியது ஒன்றும் புரியவில்லை. அவர் மனைவியும் மச்சினனும் ஆட்டோ பிடித்துக் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தார்கள். வந்து சேருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அவரே நடந்து உள்ளே வந்து, உன்னிடம் சிரித்துப் பேசியிருக்கிறார். நீ சர்க்கரை பார்த்தாய், பிரஷர் பார்த்தாய், இரண்டு கையையும் தூக்கச் சொன்னாய், சிரிக்கச் சொன்னாய், நடக்கச் சொன்னாய். எல்லாம் சரி. என்ன நடந்தது என்று கேட்டதற்கு, தூக்கமில்லை, கை மரத்துப்போச்சு, லோடு நிற்கிறது, சீக்கிரம் விடுங்க என்றிருக்கிறார். எழுதி அனுப்பிவிட்டாய். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தம்பி போகிறபோக்கில் சொன்னார், அந்த ஆளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போச்சாம், திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று.

அப்போது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கு நன்றாகவே இருக்கிறது. "ஏட்டி, நீ பாக்கும்போது சரியா இருந்துச்சுல்லா? சரியா இருந்ததைச் சரின்னுதான் எழுத முடியும். அதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்ய? எங்க டிப்பார்ட்மெண்டுல அப்படி எழுதிட்டா அதோட முடிஞ்சது."

எங்கள் வேலையில் இதற்கென்றே ஒரு வாசகம் உண்டு. ஒரு சிக்னல் கோளாறு என்று தகவல் வரும். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேருவோம். போய்ப் பார்த்தால் விளக்கு நல்லபடியாக எரியும், மீட்டரில் முள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். அப்போது புத்தகத்தில் ஒரே வரி: 'சோதித்தபோது சரியாக இருந்தது.' கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம். அதில் பொய்யும் கிடையாது, யாரும் நம்மைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த வாசகத்தைத்தான் உனக்கு மருந்தாகத் தடவினேன். உன் அழுகை நின்றது. ஆனால் அன்றிலிருந்து நீ அம்மாவிடம் ஒரே பல்லவியைச் சொல்ல ஆரம்பித்தாய்: வந்து நிற்கிறவன் நன்றாக இருந்தால் நான் எதைக் கண்டுபிடிக்க, இந்த வேலையே குருட்டாம்போக்கு என்று. அந்த விதையைப் போட்டவன் நான். உன்னுடைய தப்பு இல்லை என்று சொல்லப்போய், யாராலும் எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு மாதம்கூட இருக்காது. எனக்கே வந்தது. அந்தக் கதை உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்துக் கதை தெரியாது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா மிக்சி ஓடவில்லை என்று கொடுத்திருந்தார்கள். காலையில் கூடத்தில் பேப்பரை விரித்து அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கையிலிருந்து டெஸ்டர் விழுந்தது. எடுக்கப் போனேன், வலது கை வரவில்லை. வலித்திருந்தாலாவது பயந்திருப்பேன். வலி ஒன்றும் இல்லை. யாரோ ஒருவருடைய கையை என் மடியில் வைத்துவிட்டுப் போனது மாதிரி கிடந்தது. உன் அம்மாவைக் கூப்பிட்டு, டெஸ்டரை எடுத்துக்கொடு என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தவரை நான் சரியாகத்தான் சொன்னேன். அவள் ஏன் இப்படி முழிக்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. கொஞ்ச நேரம் கழித்து விரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. பேச்சும் வந்தது.

வந்தவுடன் நான் என்ன செய்தேன் தெரியுமா? சோதித்தேன். பேப்பர் ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன், பென்ஷன் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே விழுந்தது. கோவில்பட்டி, குமாரபுரம், கடம்பூர், மணியாச்சி என்று ஸ்டேஷன்களை வரிசையாகச் சொன்னேன், திருப்பியும் சொன்னேன். மூக்கைத் தொட்டேன். மிக்சிக்குள் சின்ன ஸ்குரூவை முடுக்கிப் பார்த்தேன். எல்லாம் சரி. "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பிள்ளை ஏற்கெனவே அந்த டிரைவரை நினைத்துக் குமைந்துகொண்டிருக்கிறாள், படிக்கப் போகிற நேரத்தில் இதையும் சொல்லி வைக்காதே என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னேன். ஊருக்குத்தான் உபதேசம். கோளாறு தானாகச் சரியானால் அதைப்போல ஆபத்து வேறு கிடையாது என்று எத்தனை பையன்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் தலைக்குள் வந்த கோளாறை மட்டும் ஐந்து நிமிஷத்தில் மூடிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மகளே, இதை நீ எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டாய், அதனால் சொல்கிறேன். அது போன பிறகு மனிதனுக்கு வருகிற நிம்மதி இருக்கிறதே, அது சாதாரண நிம்மதி இல்லை. அதைக் காப்பாற்றிக்கொள்ள எந்தப் பொய்யையும் சொல்லத் தோன்றும். தூக்கமில்லை, வாயு, கை மரத்துப்போச்சு, நேற்று மொச்சைப் பயறு தின்றது ஒத்துக்கொள்ளவில்லை. அந்த டிரைவர் உன்னை ஏமாற்றவில்லை. அவர் தன்னைத்தான் ஏமாற்றிக்கொண்டார், நான் செய்த மாதிரியே.

உன் அம்மா எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். அவளுக்கே உரிய முறையில் காப்பாற்றினாள். மத்தியானம் நீ சாப்பிட்டாயா என்று கேட்க அவள் போன் போட்டபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "இன்னைக்குப் பருப்பு கரைஞ்சு போச்சுட்டி" என்றாள். உன் சமையலில் எப்படிம்மா பருப்பு கரையும் என்று நீ சிரித்திருக்கிறாய். ஆறு விசில் அடித்துவிட்டது, அமர்த்தப் போகவில்லை என்றாள். ஏன் போகவில்லை என்று கேட்டாய். "உங்கப்பா பக்கத்துல நின்னேன்" என்றாள். அப்பாவுக்கு என்ன என்று கேட்டாய். "அதைச் சொல்லக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லியிருக்காவ" என்று சொல்லிவிட்டு, போனை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கால்மணி நேரத்தில் வாசலில் ஆட்டோவோடு வந்து நின்றாய்.

ஆஸ்பத்திரியில் முதலில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தீர்கள். சர்க்கரை குறைந்தாலும் இப்படி வரும் என்றாய். சொந்த அப்பாவை நீயே பார்க்கக் கூடாது என்று கூட இருந்த டாக்டரை அழைத்து என்னை ஒப்படைத்தாய். ஆனால் கேள்வி கேட்டது நீதான். அந்தக் கேள்விகளை என்னிடம் கேட்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்து உட்கார்ந்தாய். எந்தக் கை? சட்டென்று விழுந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்கொண்டு வந்ததா? கை வெட்டி வெட்டி இழுத்ததா, துவண்டு கிடந்ததா? முகம் எந்தப் பக்கம்? பேச்சு குழறியதா, இல்லை சொல்லே மாறி வந்ததா? நான் நடுவில் புகுந்து, எனக்கு நடந்ததை நான் சொல்கிறேன் என்றேன். நீ திரும்பிப் பார்க்காமலே சொன்னாய்: "நீங்க அதுக்குள்ள இருந்தீங்கப்பா. வெளிய நின்னு பாத்தது அம்மாதான்."

எனக்கு அது சுருக்கென்றது. ஆனால் அம்மா சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது, என் வாய் வலது பக்கம் தொங்கியது என்று. டெஸ்டர் என் கண் முன்னால் கிடக்க, நான் 'தவலை, தவலை' என்று பானையைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று. எவ்வளவு நேரம் என்று கேட்டபோது அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "மொத விசில் வரும்போது கையில இருந்து விழுந்துச்சு. ஆறாவது விசிலுக்குப் பெறகுதான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாவ" என்றாள். அந்தக் குக்கரில் விசிலுக்கு விசில் எவ்வளவு நேரம் ஆகும் என்று நீ கேட்டு, இரண்டு பேரும் கணக்குப் போட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் என்று எழுதினீர்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் குக்கர் விசில் ஏறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மூளைக்குப் போகிற குழாயில் ரத்தக்கட்டி ஒன்று வந்து அடைத்து, தானாகவே கரைந்துபோயிருக்கிறது, பெரிதாக ஒன்று வருவதற்கு முன் கொடுக்கிற நோட்டீஸ் இது, அடுத்த இரண்டு நாள்தான் ஜாஸ்தி பயம், கட்டி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடக் கூடாது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். இதயத்துக்குப் படம் எடுத்தார்கள், தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், கழுத்துக் குழாயைப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். எனக்கு ஒரே குஷி. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கிவிட்டேன். பெரிய டாக்டரும் நல்ல மனுஷன், மாத்திரை எழுதித் தருவோம், வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வரட்டும் என்றார். நீ வழியை மறித்துக்கொண்டு நின்றாய். "ஸ்கேன் நார்மல்தான் சார். அம்மா பாத்தது நார்மல் இல்லை. ரெண்டு நாள் மானிட்டர்ல வச்சுப் பாக்கணும்." அவர் சிரித்துக்கொண்டே, அப்பா என்பதால் பயப்படுகிறாயா என்று கேட்டார். "இல்லை சார். கயத்தாறு ஆளை வச்சுப் பாத்திருக்கணும். பாக்கலை" என்றாய். அவர் அட்மிஷன் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நான் பொத்தானைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மார்பில் ஒயரோடு படுத்துக்கிடந்த அந்த இரண்டு நாளில்தான், உன்னிடம் நான் சொல்லாமல் விட்ட ஒன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. நீ பிறப்பதற்கு முந்தின வருஷம். நம் பக்கத்துக் கரிசலுக்குள் ஒரு ரயில்வே கேட். அந்தக் கேட்டைக் காக்கிற சிக்னல் அவ்வப்போது காரணமில்லாமல் சிவப்புக்குப் போய்விடும். தகவல் வந்து நான் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். பெட்டியைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை, 'சோதித்தபோது சரியாக இருந்தது.' கேட் கீப்பர் என்னைவிட மூத்தவர். நான் போகும்போதெல்லாம் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். நாலாவது முறை சிவப்பு விழுந்து மாறவே இல்லை. பாசஞ்சர் வண்டி ஒன்று நடுக்காட்டில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றது. மேலே இருந்து திட்டு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். அன்றைக்கு அந்தப் பெரியவர் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க வந்து வந்து பெட்டியத்தான் கேக்குதீங்க. நாள் பூரா இங்கன கெடக்கிறவன் நான். என்னை ஒரு நாள் கேட்டீங்களா?"

கேட்டேன். காலையில் ஜல்லி லாரிகள் கேட்டைத் தாண்டும்போது மட்டும்தான் விளக்கு செத்துச் செத்து வரும் என்றார். ரோட்டுக்கு அடியில் கேபிள் போகிறது. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும். இழுத்து இழுத்துக் கேபிள் இணைப்பு ஒன்று தளர்ந்திருந்தது. பாரவண்டி ஏறினால் விட்டுவிடும், போனால் ஒட்டிக்கொள்ளும். நான் போன மூன்று மத்தியானமும் அங்கே லாரி கிடையாது. அரை மணி நேர வேலை, சரிசெய்துவிட்டேன். யாரும் சாகவில்லை. சிக்னல் கெட்டால் சிவப்புக்குத்தான் போகும், ரயில் நிற்கும், அவ்வளவுதான். மனிதனுக்கு அந்த வசதியை ஆண்டவர் வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அடுக்களைப் படியில் நீ உட்கார்ந்திருந்தபோது நான் சொல்லியிருக்க வேண்டிய கதை இதுதான். 'சரியாக இருந்தது' என்பதோடு விஷயம் முடிவதில்லை, அங்கேதான் வேலையே தொடங்குகிறது, பார்த்தவரைக் கேள், அப்புறம் விடாமல் கவனி என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? வெட்கம்தான், வேறென்ன. அப்பா கெட்டிக்காரன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய், அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. அதோடு, நீ தப்புச் செய்தாய் என்று என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ தப்புச் செய்தாய், மகளே. அந்த டிரைவரின் மனைவியைக் கேட்காமல் விட்டது தப்பு. ஆனால் அது எப்படி என்று தெரிந்துகொண்டால் திருத்திக்கொள்ளக்கூடிய தப்பு. நீ ஒரே மாதத்தில் திருத்திக்கொண்டாய். எனக்கு அதற்கு மூன்று மத்தியானமும் ஒரு பாசஞ்சர் வண்டியும் தேவைப்பட்டது.

இரண்டாம் நாள் நடந்ததும் உனக்குத் தெரியும். நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, மானிட்டர் கத்தியது. நர்ஸ் ஓடிவந்து காகிதத்தைக் கிழித்தெடுத்தார். நாலு நிமிஷம் இதயம் தாளம் தப்பி ஓடியிருக்கிறது, பிறகு தானாகவே ஒழுங்குக்கு வந்துவிட்டது. கட்டி பிறந்த இடம் அதுதான் என்று கண்டுபிடித்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடங்கினார்கள். அந்தக் காகிதத்தை நீ கையில் வைத்துக்கொண்டு நின்றாயே, அந்த முகத்தை நான் பார்த்தேன். எக்ஸ்ரே அறையில் போய் ஒளிந்துகொள்ள நினைக்கிறவளின் முகமாக அது இல்லை. இருந்தும் ரயில் ஜன்னலில் நீ அப்படிச் சொன்னாய். தலையை ஆட்டிவிட்டு வந்த எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கயத்தாற்றுக்குப் போனேன். தனியாக பஸ் ஏறக் கூடாது என்று உன் அம்மாவும் வந்தாள். நீ பேர் சொன்னதில்லை. மெயின் ரோட்டில் பஞ்சர் கடையில் விசாரித்தோம், உப்பு லோடு அடித்துக்கொண்டிருந்தவர், பங்குனியில் கை கால் விழுந்தவர் என்று. லாரிக்காரர்கள் உலகத்தில் அது போதும், வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டார்கள். அவர் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும், லாரி ஆபீசிலிருந்தா வருகிறீர்கள் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். ஆமாம் மகளே, கேட்டார். பேச்சு போய்விட்டது என்று யார் சொன்னது? பாதி வந்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை மட்டும்தான் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்த டாக்டர் பிள்ளையின் அப்பா நான் என்று சொன்னேன். அவர் மனைவி பேச்சியம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெளியே வருவாரா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. டீ எடுத்துக்கொண்டு வந்தார். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவளிடம்தான் பேசினார். "அன்னைக்கு இவிய சிரிச்சுப் பேசுதாவ, எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் பயம் போகலை. சோறோட கை விழுந்ததைப் பாத்தவ நான்லா. அந்தப் பிள்ளை எல்லாத்தையும் இவியள்ட்டதான் கேட்டுச்சு. எம் பயத்தைக் கேக்க அங்கன ஆள் இல்லை." உன் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். 

இனிமேல் சொல்வதுதான் உனக்குத் தெரியாதது. அந்த அம்மா தொடர்ந்து சொன்னார்: அனுப்பிவிட்ட பிறகு அந்தப் பிள்ளை வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து இந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "திரும்ப வந்துச்சுன்னா, சரியாகுதான்னு பாத்துக்கிட்டு நிக்காதீங்கம்மா. மணியைப் பாருங்க. உடனே திருநெல்வேலிக்குக் கெளம்புங்க" என்று சொன்னது என்று. மூன்றாம் நாள் காலையில் டிரைவர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது விழுந்திருக்கிறார். அண்ணன் தம்பிமார், எண்ணெய் தேய்த்துப் பச்சிலை கட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று வண்டியைத் திருப்பியிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுத்தால் அன்றைக்கு மாதிரி சரியாகிவிடும் என்று வேறு ஒருவர் சொல்லியிருக்கிறார். இந்த அம்மா வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். டாக்டர் பிள்ளை மணியைப் பார்க்கச் சொன்னது, நான் மணியைப் பார்த்துவிட்டேன், திருநெல்வேலிக்குத் தவிர வேறெங்கும் வண்டி போகக் கூடாது என்று. அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்கு விழுந்தார் என்பது. இந்த அம்மா நிமிஷம் பிசகாமல் சொன்னார். மணி தெரிந்ததால்தான், நேரமும் இருந்ததால்தான், கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் டிரைவர் இன்றைக்குக் கட்டிலோடுதான் என்று அங்கேயே சொன்னார்களாம்.

உன்னை அந்த அம்மா மன்னித்துவிட்டார் என்று நான் எழுதவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. பிழைப்புப் போய்விட்டது, அந்தக் கை இனி ஸ்டியரிங் பிடிக்காது. அதுவும் உண்மை, நீ வாசல் வரைக்கும் பின்னால் போய்ச் சொன்னதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் நீ வைத்துக்கொள்ள வேண்டும். இத்தனை நாள் ஒன்றை மட்டும் சுமந்துகொண்டிருந்தாய்.

நாங்கள் எழுந்து புறப்படும்போது பேச்சியம்மாள், அந்தப் பிள்ளை இப்போதும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறதா என்று உன் அம்மாவிடம் கேட்டார். மேலே படிக்க இடம் வாங்கப் போயிருக்கிறாள் என்றாள் அம்மா. "இந்த வேலையத்தான் படிக்கப் போயிருக்கா?" என்று கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.  பஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். பஸ் வருவதற்கு அதற்குப் பிறகும் அரை மணி நேரம் ஆனது.

எக்ஸ்ரே படிப்பே உனக்குப் பிடித்திருந்தால் தாராளமாக எடு. படத்தைப் பார்த்துச் சொல்லவும் கண்ணும் மனசும் உள்ள ஆள் வேண்டும்தான். ஆனால் அன்றைக்குப் படியில் உட்கார்ந்திருந்த உன்னிடம் அப்பா சொன்னதை நம்பி எடுக்காதே. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வந்து நிற்கிறவன் நன்றாக இருக்கும்போதே உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு அத்தாட்சியாகத்தான் நான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது முதல் வரிக்கு வருகிறேன். நான் நலம் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் இனிமேல் நான் போனில் சொன்னாலும் சரி, கடிதத்தில் எழுதினாலும் சரி, அந்த ஒரு விஷயத்தில் என் பேச்சை நீ எடுத்துக்கொள்ளாதே. பார்த்துக்கொண்டிருக்கிறவளிடம் கேள். அதனால் அந்த வரியை எழுதப் பேனாவை அவளிடம் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

ஏட்டி, உங்கப்பா இவ்வளவையும் வலது கையாலதான் எழுதினாவ. பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். மாத்திரை ரெண்டு நேரமும் போட்டாச்சு. கயத்தாத்துக்காரரைப் பத்தி எழுதும்போது கொஞ்ச நேரம் பேனா நின்னுச்சு. பயந்து போய் மொகத்தைப் பாத்தேன். வாய் கோணலை, கையும் நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணுதான் நெறைஞ்சு போச்சு. வேற ஒண்ணுமில்லை.

அம்மா